நூன்சியோ சாப்பிட்டு முடிக்காத மதியம்

சிசிலித் தீவின் வடகரையில் இருக்கும் கலாமூரா என்ற மீன்பிடி ஊரில், கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் உப்புக்காரர் சந்தில், நூன்சியோ என்ற கிழவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே இறந்துபோனார். ஆனால் தட்டில் இன்னும் பாதிச் சாப்பாடு இருந்ததால் அவர் எழுந்து போகவில்லை. சாளை மீனும் காட்டுச் சோம்புக் கீரையும் சேர்த்துக் கிளறிய பாஸ்தாவை முள்ளுக்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரு கணம் கையை நிறுத்தி, மேசையின் மறுகோடியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலையைத் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் பொறு, சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த டொக்டர் பிலிப்போ, அந்தச் சந்தின் இருமல்களையும் மூட்டுவலிகளையும் முப்பது வருடமாகப் பார்த்துவருகிறவர், பழக்கதோஷத்தில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு குனிந்து மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

"நூன்சியோ, நீங்கள் செத்துப்போனியள்" என்றார்.

"தெரியும்" என்றார் கிழவர். "அந்த ஒலிவ் காயை இஞ்சாலை தள்ளு."

அவர்கள் பேசியது சிசிலிப் பேச்சு. நான் அதை யாழ்ப்பாணப் பேச்சில்தான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊர்க்காரர் வாயைத் திறந்தாலே எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து வேலணைச் சந்தையில் நிற்பதுபோல இருக்கும்; எங்கள் ரொட்டியான பாணைப் 'பானி' என்பார்கள், சமையலறையான குசினியைக் 'குச்சினா' என்பார்கள், கோபம் வந்தால் கையால் பேசுவார்கள், கோபம் தீர்ந்தால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நான் அங்கே மூன்று சில்லு வண்டியில் மரக்கறி விற்பவன். என்னிடம் கத்தரிக்காய் வாங்காத வீடும் அந்தச் சந்தில் இல்லை, என் தராசைக் குறைசொல்லாத வீடும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கென்று ஒரு கதிரை போட்டு வைப்பார்கள், நான் பிந்தினால் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார்கள்.

சந்தின் வழக்கம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். உயரமான மேசை, குள்ளமான மேசை, ஒரு கால் ஆடுகிற மேசை எல்லாவற்றையும் தொடுத்து வரிசையாகப் போட்டு, அதன்மேல் துணிகளை விரித்து, அவரவர் சட்டியை அவரவர் கொண்டுவந்து வைப்பார்கள், பிறகு யாருடைய சட்டி யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து மேலே ஒலிவெண்ணெய் ஊற்றிய களி, உப்பும் எண்ணெயும் போட்ட ஆரஞ்சுத் தோடம்பழத் துண்டுகள், கடலை, கசப்புக் கீரை, எள் தூவிய பாண், அன்றைக்குக் கடல் என்ன கொடுத்ததோ அந்த மீன், இவ்வளவும் மேசையில் கைமாறிக் கைமாறிப் போகும். கடைசியில், மேசையில் இருப்பவர்களில் வயதில் மூத்தவர் ஒரு பாண் துண்டைப் பிய்த்து, தன் தட்டில் மிஞ்சிய எண்ணெயைத் துடைத்து வாயில் போட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஒருவரும் எழக்கூடாது. மழை வந்தாலும் எழக்கூடாது, தேர்தலில் நிற்பவர் வந்து கைகொடுத்தாலும் எழக்கூடாது.

மூத்தவர் நூன்சியோதான். வாழ்நாள் முழுவதும் நெத்தலி மீனைப் பீப்பாயில் உப்புப் போட்டு அடுக்கியவர். இவ்வளவு உப்பு ஊறின ஆள் அவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போகமாட்டார் என்று சந்தில் பகிடி விடுவார்கள். ஆகவே அவர் இறந்தபிறகும் மேசையை விட்டு எழாததில் எங்களுக்கு ஆச்சரியமாக ஒன்றும் தெரியவில்லை. உயிர் போய்விட்டது என்பதற்காக, தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர் இல்லை அவர். சாப்பிட்டு முடிப்பார், தட்டைத் துடைப்பார், பிறகு போவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு, சில பெண்கள் மட்டும் மெல்ல அழத் தொடங்க, மற்றவர்கள் அவருக்கு எட்டுகிற தூரத்தில் நல்ல பாணாகப் பார்த்து எடுத்து வைத்தோம்.

அந்த இடத்தில்தான் ராசமலர் அக்காவின் கை குறுக்கே வந்தது.

ராசமலர் அக்கா வேலணைக்காரி. நூன்சியோவின் மனைவி இறந்த வருடத்திலிருந்து அவருடைய வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறவர். வந்த முதல் மாதம் அவருக்குச் சிசிலிப் பேச்சு ஒரு சொல்லும் தெரியாது, நூன்சியோவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நூன்சியோ முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் 'காணும்'. எங்கள் ஊரில் போதும் என்பதற்குக் காணும் என்றுதான் சொல்வோம். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைக் கற்றுக்கொண்டார் என்று டொக்டர் சொல்வார், காரணம் ராசமலர் அக்கா சாப்பாடு போடத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ஆனால் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் அதன் மற்றப் பாதியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீடுகளில் முதல் காணும் என்பது காணும் என்று அர்த்தமில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. அதைக் கேட்டு ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்தால் அவள் வளர்ந்த வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வரும். இரண்டாவது காணும் வெட்கத்துக்கு. மூன்றாவது தரம் சொல்லித் தட்டின்மேல் கையை விரித்து மூடினால்தான் கேட்பார்கள், அப்போதும் விரல் இடுக்கால் ஒரு கரண்டி இறங்கும்.

ஆகவே நூன்சியோ கடைசிப் பாஸ்தாவை விழுங்கி, பாணை எடுத்து, "காணும்" என்று சொன்னபோது, பின்னால் நின்ற ராசமலர் அக்காவின் கை தன் பாட்டில் ஒரு கரண்டி நிறைய அள்ளி அவருடைய தட்டில் போட்டுவிட்டது. நூன்சியோ தட்டைப் பார்த்தார், பாணைக் கீழே வைத்தார், முள்ளுக்கரண்டியை மறுபடியும் எடுத்தார்.

மேசை முழுவதும் அந்தக் கரண்டியையே பார்த்தது.

"ராசமலர், என்ன செய்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

அக்காவுக்கும் அப்போதுதான் விளங்கியது. கரண்டியை ஒருமுறை பார்த்தார், கிழவரின் பிடரியை ஒருமுறை பார்த்தார். பிறகு, செய்த பிழையையே பிடித்துக்கொண்டு நிற்பவர்போல நிமிர்ந்தார்.

"மகளுக்கு ஆர் சொன்னது?" என்றார். "அவ வந்து பாக்க வேண்டாமே? அவ வருமட்டும் ஐயா சாப்பிடட்டும்."

நூன்சியோவுக்கு ஒரே மகள், அகத்தா. வடக்கே மிலானோவில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. மத்தியானத்தில் பெட்டியில் அடைத்த இலைக்கறியைத் தனியே இருந்து தின்பவள். தாயை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு கலாமூராவுக்கு வரவில்லை, பத்துப் பதினொரு வருடமாகத் தகப்பனோடு பேசவுமில்லை. டொக்டர் மேசையில் இருந்தபடியே தொலைபேசியில் அவளைப் பிடித்தார்.

"அகத்தா, அப்பா செத்துப்போனார்."

"அடக்கம் எப்ப?" என்றாள்.

"அது தெரியேல்லை, பிள்ளை. இன்னும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்."

"அவர் அப்பிடித்தான்" என்றாள் அகத்தா. "ஆர் செத்தாலும் சாப்பிடுவார்." தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இதன் அர்த்தம் சந்தில் எல்லோருக்கும் தெரியும். தாயைப் புதைத்துவிட்டு வந்த மத்தியானம், அந்த ஊர் வழக்கப்படி செத்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்க, அயலவர்கள் சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்து நிறைத்திருக்க, நூன்சியோ மகளின் தட்டில் சாப்பாட்டைப் போட்டு, "சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தானும் சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, பாணால் தட்டைப் பளபளக்கத் துடைத்தும் சாப்பிட்டார். அகத்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, தன் தட்டைத் தொடாமல் எழுந்து, அடுத்த ரயிலில் போனவள்தான். பெண்சாதியைக் குழியில் இறக்கிவிட்டு வந்து தட்டைத் துடைத்துத் தின்றவர் என்ற ஒன்றைத் தவிர, அவளுக்குத் தகப்பனைப் பற்றி வேறு ஞாபகமே இல்லாமல் போயிற்று.

"வராட்டி?" என்று யாரோ கேட்டார்கள்.

"வருவா" என்றார் ராசமலர் அக்கா, அடுத்த கரண்டியை அள்ளிக்கொண்டு.

அப்படியே அந்த மத்தியானச் சாப்பாடு பின்னேரத்துக்குள் போனது, பின்னேரத்திலிருந்து திங்கட்கிழமைக்குள் போனது, அங்கிருந்து இறங்கி அந்த வாரம் முழுவதும் நடந்தது. முதல் சிக்கல் எழக்கூடாது என்பதில்தான் வந்தது. பிள்ளைகள் நெளிந்தார்கள், பெரியவர்களும் வெளியே சொல்லாமல் நெளிந்தார்கள். பேக்கரிக்காரியின் மூளைதான் வழி கண்டுபிடித்தது: கதிரை காலியாகாதவரை மேசை கலையவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், எழுகிறவர் தன் கதிரையில் இன்னொருவரை இருத்திவிட்டுப் போகட்டும். இந்தத் தீர்ப்பு சந்தை மட்டுமில்லை, ஊரையே அந்த மேசைக்குக் கொண்டுவந்தது. விடியற்காலையில் கடலிலிருந்து வந்த மீன்காரர் பேக்கரிக்காரர்களின் கதிரைகளில் இருந்தார்கள், அவர்கள் போகும்போது தபால்காரர் வந்து இருந்தார், தபால்காரருக்குப் பிறகு பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளோடு வந்து கடலையை வைத்துக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார், பிழையான விடைகளைப் பிள்ளைகள் தின்றார்கள். ஒரு மதிலுக்காக வழக்காடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், ஆள் மாறி ஆள் மாறிக் கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து இருக்க நேர்ந்தது. முதல் நாள் எண்ணெய்ப் போத்தலை நடுவில் இருந்த குழந்தையிடம் கொடுத்து வாங்கினார்கள், இரண்டாம் நாள் குழந்தை நித்திரையாகிவிட்டதால் நேரே கொடுத்து வாங்கினார்கள்.

பங்குச் சுவாமியார் நோயாளிக்குப் பூசுகிற எண்ணெயோடு வந்தார். செத்தவருக்குப் பூசுவதா, சாப்பிடுகிறவருக்குப் பூசுவதா என்று அவருக்குக் குழப்பம். "அதை வீணாக்காதேங்கோ, சுவாமி, பாணிலை ஊத்துங்கோ" என்றார் நூன்சியோ. நகரசபையிலிருந்து வந்தவர், தெருவை மறித்து மேசை போட்டிருப்பதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தார். யாரோ எழுந்து அவருக்குக் கதிரையைக் கொடுக்க, பருப்புக் களியில் கைவைத்தவர் பொழுதுபடும்வரை அனுமதியை மறந்துபோனார். வடக்கிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மத்தியதரைக் கடலோரத்து மனிதர்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்று பத்திரிகைகளில் படித்து, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள்; ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி எண்ணெய், எத்தனை வாதுமைக்கொட்டை என்று எல்லோரையும் கேட்டுப் பார்த்தார்கள். பேக்கரிக்காரி போத்தலைத் தட்டின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே, அளவைச் சொல்லாமல், அவர்களின் வீட்டில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டாள். கடைசியில் அவர்கள் நூன்சியோவைக் காட்டி இவருடைய ஆரோக்கியத்தின் ரகசியம் என்ன என்றார்கள். "அவர் ஞாயிற்றுக்கிழமையே செத்திட்டார்" என்றார் டொக்டர். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் கீரை எடுத்துக்கொண்டார்கள்.

சந்தின் சட்டிகள் வற்றியபோது ராசமலர் அக்கா பலேர்மோவில் வீட்டுவேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் பஸ்ஸில் தூக்குச்சட்டிகளோடு வந்து இறங்கினார்கள்; சொதியும் இடியப்பமும் கத்தரிக்காய்ப் பால்கறியும் நெத்தலித் தீயலும் அந்த மேசையில் வந்து இருந்தன. நூன்சியோ இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சாப்பிட்டுப் பார்த்து, இது தங்கள் ஊர்ப் பாஸ்தாதான், யாரோ நசித்துவிட்டார்கள் என்றார். தேங்காயெண்ணெய் கிடைக்காத இடத்தில் ஒலிவெண்ணெயில் தாளித்த சம்பலை மீன்காரர்கள் பாணில் பூசித் தின்று கண்ணீர் விட்டு, மறுபடியும் கேட்டார்கள்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு செத்தவருக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்து சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் வண்டிக்குள்ளே இருந்து, ஸ்டியரிங்மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, அடுத்த தெருவுக்குப் போகிற அவசரத்தில் விழுங்கியவன். அது சாப்பாடில்லை, வண்டிக்கு எண்ணெய் விடுகிற வேலைதான் என்று அங்கே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் கேட்காமலே என் தட்டில் மீனின் நல்ல பக்கத்தைத் திருப்பி வைப்பார், நான் அவருடைய கிண்ணத்துக்குக் கடலையைத் தள்ளுவேன், வெயில் ஏறினால் இருந்த இருப்பிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குவோம், கண்ணை விழித்தால் யாரோ தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் நூன்சியோ குறைந்துகொண்டு வந்தார்.

முதலில் முகம் மெழுகு நிறமாயிற்று. பிறகு சூடு தெரியாமல் போயிற்று. கொதிக்கிற சொதியை ஆற்றாமல் குடித்தார். பிறகு ஒருநாள் நெத்தலியைக் கடித்துவிட்டு, "இதிலை உப்பில்லை" என்றார். உப்புக் கரித்த நெத்தலி அது. வாழ்நாள் முழுவதும் உப்போடு கிடந்த மனிதர் உப்பில்லை என்று சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் தட்டு நெத்தலியைக் கடித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் மெல்லுவது மட்டும்தான் நடந்தது, ருசிப்பது நடக்கவில்லை. முள்ளுக்கரண்டி அவர் கையில் கனத்தது. "காணும்" என்பார், ராசமலர் அக்கா போடுவார். "காணும், மலர்" என்பார், அக்கா மறுபக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போடுவார்.

"அவள் வரமாட்டாள்" என்றார் நூன்சியோ.

"வருவா, ஐயா. இந்த ஒண்டை மட்டும் சாப்பிடுங்கோ."

நான் பொறுக்கமாட்டாமல், "அக்கா, அந்த மனுசனை ஏன் வதைக்கிறியள், விடுங்கோ" என்றேன்.

"தம்பி, என்னைப் பெத்த ஐயா வேலணையில சாகேக்கை நான் இஞ்ச ஆரோ ஒராளின்ர சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நிண்டனான்" என்றார் அவர். "டெலிபோனிலை சொல்லிச்சினம். நான் சட்டையின்ர மற்றக் கையையும் மினுக்கி முடிச்சன். அந்தப் பிள்ளைக்கு அப்பிடி வரக்கூடாது."

அன்று மத்தியானம் அக்காவே அகத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்குத் தெரிந்த உடைந்த பேச்சில், வா என்று கெஞ்சவில்லை, தகப்பனைப் பற்றி ஒரு நியாயமும் பேசவில்லை.

"பிள்ளை, எனக்குக் கை நோகுது" என்றார். "நீங்கள் வந்து இந்தக் கரண்டியைப் பிடியுங்கோ."

மறுநாள் மத்தியானம் அகத்தா சந்தின் மேல்முனையில் வந்து நின்றாள். சில்லு வைத்த சின்னப் பெட்டி கல்லுக்குக் கல் துள்ளித் துள்ளி அவளுக்குப் பின்னால் இறங்கி வந்தது. கதிரை ஒன்றும் காலியில்லை. நான் எழுந்து என்னுடையதைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை. தகப்பனுக்கு நேர் எதிரே, மேசைக்கு அந்தப் பக்கத்தில், பெட்டியின் பிடியை விடாமல் நின்றாள். அவளைத் தெரிந்தவர்கள் அவளுடைய கண் தாயின் கண் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அவள் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதுதான்.

"நிக்காதை, இரு" என்றார் நூன்சியோ. "நிமிந்து பாத்தா எனக்குக் கழுத்து நோகும்."

"உங்களுக்கு இனி என்ன நோகும்?"

கிழவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. பத்துப் பதினொரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை அந்த மேசை முழுவதும் கேட்கக் கேட்டாள்.

"அம்மாவைப் புதைச்ச அண்டைக்கு எப்பிடி உங்களாலை சாப்பிட முடிஞ்சது? நான் பாத்துக்கொண்டு இருந்தனான். பாணாலை துடைச்சுத் துடைச்சுச் சாப்பிட்டியள்."

நூன்சியோ முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் குற்றவாளியின் களை இல்லை, விளங்காதவரின் களைதான் இருந்தது.

"உனக்குத் தெரியாதே?" என்றார்.

"என்ன தெரியாது?"

"அண்டைக்கு அயலுக்குள்ள இருந்து வந்த சட்டி ஒண்டையும் நான் தொடேல்லை. குசினி அலுமாரிக்குள்ள ஒரு சட்டி இருந்தது. வியாழக்கிழமை உன்ர கொம்மா வைச்ச கத்தரிக்காய். பொரிச்சு, வினாகிரியும் சீனியும் விட்டுச் செய்யிறது, மூண்டு நாள் கிடந்தாத்தான் அதுக்கு ருசி வரும். ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு மூடி வைச்சவள். சனிக்கிழமை அவள் போயிட்டாள்." மூச்சு இல்லாத மனிதர் என்றாலும் பழக்கத்துக்கு ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டார். "அதைத்தான் எடுத்து எனக்கும் உனக்கும் பாதி பாதியாப் போட்டனான். அவள் கையாலை விட்ட எண்ணெய். அதைக் கழுவித் தண்ணியிலை விட எனக்கு மனம் வரேல்லை. நீ எழும்பிப் போயிட்டாய். உன்ர தட்டிலை இருந்ததையும் நான்தான் சாப்பிட்டன். அதையும் துடைச்சன்."

அகத்தாவின் கை பெட்டியின் பிடியிலிருந்து விலகியது.

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சாப்பிடு எண்டு சொன்னனான்தானே" என்றார் நூன்சியோ.

எனக்கு அந்தக் கிழவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது; செத்தவர் என்றும் பார்க்காமல் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. இந்தத் தகப்பன்மார் எல்லாம் ஒரே மண்ணால் செய்தவர்கள். என்னுடையவரும் அப்படித்தான், அன்பு, பயம், மன்னிப்பு, போய்வா என்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் சாப்பிட்டியா என்ற ஒரே சொல்தான் இருந்தது. பிள்ளைகள் நாங்கள் அதைச் சாப்பாட்டுக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, ஓம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிடுவோம்.

அகத்தா என்னுடைய கதிரையில் இருந்தாள். கேட்காமலே யாரோ அவளுக்குத் தட்டு வைத்தார்கள், யாரோ பாணை வெட்டினார்கள், யாரோ மீனின் நல்ல பக்கத்தைத் திருப்பி வைத்தார்கள். அவள் சாப்பிட்டாள். முதலில் மெல்ல, பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சாப்பிடுவதுபோல. நூன்சியோ அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் எழுந்து, கதிரையில் என்னை இருத்திவிட்டு, சுற்றிவந்து, ராசமலர் அக்காவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள்.

இத்தோடு முடியும் என்று நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. அவள் போட்டாள், தகப்பன் சாப்பிட்டார்; மறுபடியும் போட்டாள். மிலானோவில் தன் வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், தான் சுகமில்லாமல் கிடந்ததைச் சொன்னாள், ஒருவனைக் கட்ட நினைத்துக் கட்டாமல் விட்டதைச் சொன்னாள், சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்து அடுத்த நாள் வெயிலும் ஏறிவிட்டது. நூன்சியோவுக்கு முள்ளுக்கரண்டியைத் தூக்க முடிந்தது, வாயைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குழம்பு தாடையில் வழிந்தது. "காணும்" என்றார், சொல் பாதிதான் வந்தது.

"இன்னும் கொஞ்சம், அப்பா" என்றாள் அகத்தா. "நான் இப்பத்தானே வந்தனான்."

கரண்டி சட்டிக்குள் போய் நிறைந்து மேலே வந்தபோது ராசமலர் அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை இதற்கு முன்னால் எந்தக் கரண்டியையும் தடுத்ததில்லை.

"காணும், பிள்ளை" என்றார். "ஐயாவுக்குக் காணும்."

அகத்தா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். அதன் விளிம்பிலிருந்து எண்ணெய் சொட்டிச் சொட்டி மேசைத்துணியில் வட்டமாக ஊறியது. அவளுடைய உதடு கோணியது. எல்லோருக்கும் முன்னால், பெரிய மனுஷி என்ற வெட்கமில்லாமல் அழுதாள். பிறகு கரண்டியைச் சட்டிக்குள் கவிழ்த்து, சட்டியை மூடினாள்.

நூன்சியோவின் தட்டில் சோம்புக் கீரையின் ஓர் இழையும் கொஞ்ச எண்ணெயும்தான் இருந்தன. அகத்தா பாணைப் பிய்த்து அவர் விரல்களுக்குள் வைத்தாள். அவர் துடைக்கத் தொடங்கினார். தட்டின் ஓரத்திலிருந்து, உப்புப் பீப்பாயில் மீன் அடுக்குகிற அதே நிதானத்தோடு, வளைத்து வளைத்துப் பாதித் தட்டுவரை வந்தார். அங்கே கை நின்றது. கண் தட்டைப் பார்த்தபடியே நின்றது. டொக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கவில்லை.

மேசையில் எல்லோரும் இருந்தோம். தட்டு பாதி துடைத்தபடி இருந்தது. மற்றப் பாதியில் எண்ணெய் வெயிலில் மினுங்கியது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, அப்படி ஒன்று அந்தச் சந்தில் முன்பு நடந்ததில்லை.

அகத்தா தகப்பனின் விரல்களுக்குக் கீழே இருந்து பாணை மெல்ல எடுத்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றப் பாதியைத் துடைத்தாள். எண்ணெயை, கீரை இழையை, ஒட்டியிருந்த உப்பை, ஒன்றும் மிஞ்சாமல் துடைத்தாள். பிறகு அதைத் தன் வாயில் போட்டாள். அழுதுகொண்டே மென்றாள், ருசித்து மென்றாள், அவசரப்படவில்லை. அவள் விழுங்கி முடிக்கும்வரை சந்தில் ஒருவரும் எழவில்லை.